தக்காளி நிழலில் கொஞ்சம் பச்சை

தக்காளியின் நிழல் பக்கத்துக்கு யாராவது கறுப்புப் பென்சிலை எடுத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “தக்காளி வரையச் சொன்னா எதுக்குங்க கரி பூசுறீங்க? அது என்ன அடுப்புல விழுந்து எழுந்து வந்ததா?” என்று கேட்பாள். நிழலுக்கு முதலில் பச்சை தீட்ட வேண்டும். ஆமாம், பச்சையேதான். சிவப்புக்கு நேர் எதிரி பச்சை. அந்த எதிரியை அடியில் படுக்கவைத்து, அதன் மேல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பூச்சுப் பூச்சாக ஏற்றினால், சிவப்பு தன் திமிரெல்லாம் அடங்கி இருண்டு உட்காரும். கறுப்பைத் தொட்டால் அந்த இடம் செத்துப்போகும். பச்சையைத் தொட்டால் இருட்டிலும் தக்காளி உயிரோடு இருக்கும். இதையெல்லாம் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு தையல் சாமான் கடையில் வேலை பார்த்தாள். நூல், பித்தான், லைனிங் துணி விற்கிற கடை. வருகிறவர்கள் துணியை நீட்டினால் அதே நிறத்தில் நூல்கண்டு எடுத்துத் தர வேண்டும். மற்றப் பெண்கள் துணியையும் கண்டையும் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு ஓடுவார்கள். இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி ஒரு கண்டை எடுத்துப் போடுவாள். தைத்து முடித்த பிறகு நூல் எங்கே ஓடுகிறது என்று தேடினாலும் கிடைக்காது. ‘தராசு’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார் கடைக்காரர். அந்தப் பெயரும் கடையோடு போயிற்று.

இப்போது ஊருக்குத் தெரிந்தது அவள் புருஷனை மட்டும்தான். ‘கலர் மாஸ்டர்’ என்றால் தெரியாதவர்கள் கிடையாது. விதைக் கம்பெனியின் பாக்கெட்டுகளில் இருக்கிற காய்கறிகள் எல்லாம் அவர் வண்ணப் பென்சிலில் வரைந்தவை. கத்தரிக்காய் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் காம்பு முள் குத்திவிடுமோ என்று விரல் தயங்கும். வெங்காயத்தின் சருகு இப்போது உரிந்து கீழே விழப்போகிறது என்று தோன்றும். “என்ன கலர்ய்யா! என்ன கலர்!” என்று விதைக் கடையில் நின்று வாய் பிளக்காத ஆள் இல்லை.

இந்தக் கலர் மாஸ்டருக்குக் கலர் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

பிறவியிலேயே அப்படி. மஞ்சள் தெரியும், நீலம் தெரியும். சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஆரஞ்சும் அவர் கண்ணுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். எது எவன் என்று சொல்ல முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அச்சகத்துக்கு வெறும் கறுப்பு வெள்ளையில் வரைந்துகொண்டிருந்தார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. வெளிச்சம் ஒரு காயின்மேல் எங்கே விழுகிறது, எங்கே வழுக்குகிறது, எந்த இடத்தில் இருட்டாகிறது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நிறம் குறுக்கே வந்து நின்று மறைக்காததால்தானோ என்னவோ, அவருக்கு நிழல் மட்டும் அத்தனை துல்லியமாகத் தெரிந்தது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் நல்ல பழுத்த தக்காளியாக வாங்கி வரச் சொன்னாள். பை நிறையக் காய் வந்தது.

“என்னங்க இது, அத்தனையும் காய்?”

“பழம்னு சொல்லித்தான் கொடுத்தான். ஏமாத்திட்டான் போல.”

“அவன் ஏமாத்தினான் சரி, உங்க கண்ணு எங்க போச்சு?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் முகம் தொங்கிப்போனது. பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது என்றார். வெளியே தெரிந்தால் பிழைப்பில் மண் விழும் என்றார். ஆம்பளை கண் கலங்கி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் உருகிப்போய்விட்டாள். பாவம், அப்போது உருகினவள்தான். பிறகு தன்னைச் சேர்த்து எடுத்துக்கொள்ள அவளுக்குப் பல வருஷம் ஆயிற்று.

விதைப் பாக்கெட்டுகள் கலருக்கு மாறினபோது அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பென்சிலின் மேல் அச்சடித்திருந்த பெயரைப் படித்துப் படித்து முதல் மிளகாயைத் தீட்டிக்கொண்டு போனார். கம்பெனிக்காரர் அதைத் திருப்பி மேசையில் போட்டு, “இது மிளகாயா, செருப்பு வாரா?” என்று கேட்டாராம். சிவப்பு என்று பெயர் போட்ட பென்சில் மட்டும் போதுமா? எவ்வளவு சிவப்பு, எந்தச் சிவப்பு, எதற்கு மேல் எது, எப்போது நிறுத்துவது என்று பென்சில் சொல்லாதே! மறுநாள் காலையில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று உட்கார்ந்தவள்தான்.

வீட்டில் சாப்பாட்டு மேசைதான் வேலை மேசையும். காலை வெளிச்சம் இடது ஜன்னல் வழியாக வரும். மேசையைத் துடைத்து, வெள்ளைத் தாள் விரித்து, அதன் மேல் ஒரு கத்தரிக்காயை உட்காரவைப்பாள். அவர் தாளில் பட்டும் படாமலும் உருவத்தை இழுப்பார். வெளிச்சம் பளிச்சென்று அடிக்கிற இடத்தைச் சுற்றிச் சின்னதாக ஒரு வேலி போட்டுக்கொள்வார். கடைசிவரை அந்த வேலிக்குள் பென்சில் போகக் கூடாது. தாளின் வெள்ளைதான் அங்கே பளபளப்பு. அதன் பிறகு அவள் வாய் திறப்பாள்.

“முதல்ல வெளிர் நீலம். பளபளப்புக்கு ஓரமா மட்டும். ம், போதும். இப்ப ஊதா. அழுத்தாதீங்க.”

“அழுத்தல.”

“அழுத்துறீங்க. தாளோட சொரசொரப்பு இப்பவே போச்சுன்னா மேல எதுவும் ஏறாது. வழுக்கிட்டுப் போகும்.”

“சரி தாயே.”

“வலது பக்க இருட்டுக்குக் கருநீலம். அது மேல பழுப்பு ஒரு கை. ஐயோ, அது இல்ல, அது பச்சை. பக்கத்துல இருக்கு பாருங்க.”

இப்படியே பூச்சுக்கு மேல் பூச்சு ஏறும். எல்லாம் முடிந்ததும் வெள்ளைப் பென்சிலை அழுத்தித் தேய்த்தால் பூச்சுகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்து தோல் மாதிரி மினுங்கும். நிழலிலும் அவள் விடமாட்டாள். கத்தரிக்காயின் நிழல் தாளில் விழுகிறதே, அதன் அடியில் கொஞ்சம் ஊதா கசிந்திருக்க வேண்டும் என்பாள். அவர் பங்குக்கு அவருக்கும் ஒன்று உண்டு. காயின் அடி விளிம்பில், இருட்டுக்கும் கீழே, தாளின் வெள்ளை பட்டுத் திரும்புகிற வெளிச்சம் ஒன்று நூல் போல ஓடும். “அங்க ஒரு வெளிச்சம் இருக்கு பாரு. அது இல்லன்னா காய் உருளாது” என்பார். அவள் எத்தனை தடவை உற்றுப் பார்த்தும் அது அவள் கண்ணில் பட்டதில்லை. “இருக்கும், இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பென்சிலை எடுத்துக் கொடுப்பாள்.

வெளியிடங்களில், பிறர் முன்னால் வரைவதற்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். தச்சரிடம் சொல்லிக் குழி குழியாகச் செதுக்கின மரத்தட்டு ஒன்று. எந்தக் குழியில் எந்தப் பென்சில் என்று அவள் அடுக்கி வைப்பாள், அவர் விரல் எண்ணிக்கொண்டு போகும். குட்டையான பென்சில்களைப் பிடிக்க வசதியாக ஒட்டுக்குழாயில் செருகியிருந்ததால் பெயரெல்லாம் உள்ளே போய்விட்டது. நெட்டையானவற்றில் விரல் பட்டு அழிந்துவிட்டது. அதனால் எடுத்ததும் அவர் தாளில் வைக்கமாட்டார். ஒரு கணம் நிறுத்துவார். தப்பாக எடுத்திருந்தால் அவள் தொண்டையைச் செருமுவாள். சரியாக எடுத்திருந்தால் சும்மா இருப்பாள். அவ்வளவுதான் ஏற்பாடு. யாருக்கும் தெரியாது.

“ஏண்டி, உனக்குத் தொண்டையில என்னதான் இருக்கு? அவரு பென்சிலைத் தொட்டாலே செருமுற. மருந்து வாங்கிக் குடியேன்” என்பாள் அவள் அக்கா. அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. அவளிடம்கூட இவள் விஷயத்தைச் சொன்னதில்லை.

அச்சக முதலாளி ஒருநாள் வந்து, காய்கறி வரைகிற முறையையெல்லாம் ஒரு புத்தகமாகப் போடலாம் என்றார். பூச்சு எப்படி ஏற்றுவது, நிழல் எப்படி, மினுக்கம் எப்படி என்று படிப்படியாக. மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது. முதலாளி போன பிறகு அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“இதுல உன் பேரும் வரும். அட்டையிலயே, என் பேருக்குப் பக்கத்துல. நிழல் என்னோடது, கலர் உன்னோடது. அதை நான் சொல்லலன்னா மனுஷனே இல்ல.”

அவள் கேட்டு வாங்கின வார்த்தையில்லை அது. அவராகவே சொன்னது. அதனால்தான் அதை அப்படியே நம்பினாள். ஊரார் கொண்டாட வேண்டாம், மாலை வேண்டாம். அந்த நிறமெல்லாம் தன் கண்ணிலிருந்து போனது என்று அச்சில் ஒரு வரி இருந்தால் போதும் என்று நினைத்தாள். குடமிளகாய்க்கு ஒரு பக்கம், பீட்ரூட்டுக்கு ஒரு பக்கம் என்று மாதக் கணக்கில் அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பீட்ரூட்டின் மண்ணுக்கு எந்தப் பழுப்பு, இலை நரம்புக்கு எந்தச் சிவப்பு என்று தூக்கத்திலும் உளறினாள். அக்காவிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அக்கா தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து முதல் பிரதியை எடுத்தாள். அட்டையில் அழகான தக்காளி. கீழே அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த இடம் சும்மா கிடந்தது. புரட்டினாள். உள்ளே ஒரு பக்கத்தின் நடுவில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘பென்சில் சீவித் தந்து துணை நின்ற என் மனைவிக்கு நன்றி.’

“என் பேரு எங்கங்க?”

“உள்ள போட்டிருக்கே, பாக்கலயா?”

“உள்ள என் பேரு இல்ல. பென்சில் சீவுன கதைதான் இருக்கு.”

“அட, பேரைப் போட்டா ஏன்னு கேப்பாங்கல்ல? கலரெல்லாம் பொண்டாட்டி சொன்னதுன்னா, அப்புறம் நீ எதுக்குய்யா கலர் மாஸ்டர்னு கேப்பாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாரு.”

“சொல்றப்ப யோசிக்கலையா?”

“முதலாளிக்கும் இஷ்டமில்ல. சரி விடு, வெளியீட்டு விழாவுல சொல்றேன். மேடைக்கு உன்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் சொல்றேன். போதுமா?”

போதும் என்றுதான் அவள் சொன்னாள். வேறு என்ன சொல்லுவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு, சாயம் போகாத நல்ல புடவை ஒன்றை எடுத்து வெளியே வைத்தாள்.

விழா நடந்த மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மேடையில் ஒரு மேசை, அதற்கு மேலே ஒரு கேமரா. அவர் வரைவது பின்னாலிருந்த பெரிய திரையில் தெரியும்படி செய்திருந்தார்கள். புத்தகத்தில் சொன்னபடி ஒரு தக்காளியை எல்லார் கண்முன்னாலும் வரைந்துகாட்டுவதாக ஏற்பாடு. அவள் மரத்தட்டை அடுக்கி மேசைமேல் வைத்துவிட்டு, முதல் வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்த வந்த பெண் ரொம்பச் சுறுசுறுப்பு. மேசைக்கு ஒரு துணி விரிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பென்சில்களையெல்லாம் அள்ளி எடுத்துத் துணியை விரித்தாள். பிறகு பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று தட்டின் குழிகளில் நெட்டையிலிருந்து குட்டை வரை படிக்கட்டு மாதிரி அடுக்கி வைத்தாள். தள்ளி நின்று பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

இவளுக்குப் பகீரென்றது. எழுந்து போய்ச் சரிசெய்துவிடலாம் என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் கைதட்டல் கிளம்பியது. அவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

அவர் நன்றாகவே பேசினார். முதலாளிக்கு நன்றி சொன்னார், விதைக் கம்பெனிக்கு நன்றி சொன்னார், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓவியக் கல்லூரி ஆசிரியருக்கு நன்றி சொன்னார். கடைசியாக அவளைப் பார்த்தார். அக்கா அவள் தொடையைக் கிள்ளினாள்.

“என் வீட்டம்மாவும் வந்திருக்காங்க” என்றார். “நான் கலரோட வாழுறவன். அவங்களுக்குக் கலர்ல ஒண்ணும் தெரியாது. ஆனா பென்சில் சீவுறதுல அவங்களை அடிச்சிக்க முடியாது!”

மண்டபமே சிரித்தது. முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். மைக் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் கூடவே சிரித்தார். பயத்தில் சிரித்தாரா, பெருமையில் சிரித்தாரா, அது அவருக்கே வெளிச்சம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “என்னடி இந்த மனுஷன் இப்படிப் பேசுறாரு?” என்று காதில் கேட்டாள். இவள் பாதி எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் கண்ணை இரவல் கொடுத்தேனே, அதைத் திருப்பிக் கேட்டேனா, கொடுத்தாள் என்று ஒரு வார்த்தைதானே கேட்டேன் என்று உள்ளுக்குள் கத்தினாள்.

அவர் மேசைமுன் உட்கார்ந்தார். உருவம் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. மினுக்கத்துக்கு வேலி போட்டார். விரல் தட்டின் முதல் குழிக்குப் போயிற்று. அங்கே மஞ்சள் இல்லை. மஞ்சள் அவர் கண்ணுக்குத் தெரியுமே, அதனால் வேறெங்கோ இருந்து தேடி எடுத்துத் தீட்டினார். அடுக்கு கலைந்துவிட்டது என்று அந்தக் கணமே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் பயப்படவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும்? அவள்தான் முதல் வரிசையில் இருக்கிறாளே!

நிழல் பக்கத்துப் பச்சைக்காக ஒரு பென்சிலை எடுத்தார். தாளில் வைக்காமல் நிறுத்தினார். கையில் இருந்தது சிவப்பு.

அவள் தொண்டை தானாகவே கனைக்கப் பார்த்தது. எச்சிலை விழுங்கி அடக்கினாள்.

சத்தம் இல்லை என்றால் சரி என்று அர்த்தம். அவர் நம்பிக்கையோடு நிழலைச் சிவப்பால் நிரப்பினார். ஆரஞ்சு வர வேண்டிய இடத்துக்கு ஒரு பச்சையை எடுத்தார், நிறுத்தினார், கேட்டார், தீட்டினார். சிவப்பு வர வேண்டிய இடத்துக்குப் பழுப்பு. ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு கணம் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் அவள் வாயைத் திறக்காமலே பொய் சொன்னாள்.

“ஏண்டி, தக்காளி ஏன் இப்படி அழுகிட்டே போகுது?” என்றாள் அக்கா.

“பேசாம இரு.”

“காம்பைப் பாரு, ரத்தமா இருக்கு.”

“பேசாம இருன்னு சொன்னேன்ல!”

அவள் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முணுமுணுக்கும். யாராவது எழுந்து, என்னய்யா இது என்று கேட்பார்கள். அவர் விழிப்பார். வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிடுவார். ‘நீ வந்து சொல்லும்மா, இது என்ன கலர்?’ என்று மைக்கிலேயே கேட்பார். அவள் மேடையேறிப் போய் ஒவ்வொரு பென்சிலையும் எடுத்து அதனதன் குழியில் வைப்பாள். அதைத் திரையில் எல்லாரும் பார்ப்பார்கள். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியதில்லை. வீட்டுக்குப் போனதும் அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, போகட்டும் விடுங்க என்று ஆறுதல்கூடச் சொல்லத் தயாராக இருந்தாள்.

அவர் வெள்ளைப் பென்சிலால் தேய்த்து முடித்து நிமிர்ந்தார். திரையில் ஒரு தக்காளி நின்றது. என்னமாய் உருண்டு நின்றது! அடி விளிம்பில் அந்த நூல் வெளிச்சம்கூட இருந்தது. நிறம் மட்டும் ஒரே கோரம். குளத்துப் பாசி மாதிரி பச்சையும் பழுப்புமாக உடம்பு, அதன் நிழலுக்குள் சிவப்பு, தலையில் சிவப்புக் காம்பு.

எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

ஓவியக் கல்லூரி ஆசிரியர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“அடேயப்பா!” என்றார். “தக்காளின்னா சிவப்பு, காம்புன்னா பச்சைன்னு நாம கண்ணை மூடிக்கிட்டு வரையிறோம். இவரு அதை அப்படியே தலைகீழாக்கிட்டாரு. எவ்வளவு துணிச்சல்! பழுக்குறதுக்கு முன்னாடி தக்காளி கண்ட கனவு இது!”

கை தட்டினார். பக்கத்திலிருந்தவர் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். புரிந்தவர்களும் தட்டினார்கள், புரியாதவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

“கனவாம்ல, கனவு” என்றாள் அக்கா.

மாஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. கைதட்டலுக்கு நடுவே அவர் திரையைப் பார்த்தார், பென்சில்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டதை அந்தப் பார்வையிலேயே அவள் கண்டுகொண்டாள். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. இப்போதாவது சொல்லுங்க என்று அவரையே பார்த்தாள். அவர் மைக்கை எடுத்தார்.

“நிறம்ங்கிறது கண்ணுல இல்ல” என்றார். “மனசுல இருக்கு.”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி தட்டினார்கள்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றின பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

“ஏன் சொல்லல?”

“நீங்க சொன்னீங்களா?”

ஏதாவது கத்துவார் என்று பார்த்தாள். கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். இரண்டு பேரும் கத்தி, அழுது, விடிவதற்குள் ஒருவழியாக முடிந்திருக்கும். அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்தத் தக்காளியை முதலாளி கண்ணாடி போட்டு அச்சகத்தில் தன் தலைக்கு மேல் மாட்டிவிட்டார். ஓவியக் கல்லூரி ஆசிரியர் பத்திரிகையில் எழுதினார். ஒரு ஹோட்டல்காரர் வந்து, தன் சாப்பாட்டுக் கூடம் முழுக்க இதே பாணியில் காய்கறிகள் வேண்டும் என்றார். கேரட், வெங்காயம், குடமிளகாய், எது வேண்டுமானாலும் சரி, கலர் மட்டும் “நம்ம பழைய மாதிரி இருக்கக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். விதைப் பாக்கெட் வேலை இனிமேல் வேண்டாம் என்று மாஸ்டர் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். விதை விற்கிறவர்களுக்குக் கனவெல்லாம் எதற்கு, அவர்களுக்குத் தக்காளி தக்காளி மாதிரிதான் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பென்சிலையும் எடுத்து நிறுத்தவில்லை. காலையில் மேசையில் உட்கார்வார், தட்டில் கை போகும், வந்ததை எடுத்துத் தீட்டுவார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் சரி, உட்காராவிட்டாலும் சரி. ஒருநாள் பழக்கதோஷத்தில் அவள் செருமிவிட்டாள். அவர் நிமிரவே இல்லை. நீலக் கேரட் ஒன்று அவர் கையில் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவரைப் பழிவாங்கப் போய், அவருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டாள் மகராசி.

“பேரே வேணாம்டி, நீயே வரையேன். கலர்தான் உனக்குத் தெரியுமே, யார் கையை எதிர்பார்க்கணும்?” என்றாள் அக்கா. விழாவிலிருந்து வந்த மறுவாரமே அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தாள். கேட்டதும் அக்காவுக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. மாஸ்டரைத் திட்டினாள், கூட்டத்தைத் திட்டினாள், கடைசியில் இவளையும் திட்டினாள்.

அக்கா சொன்னது மனசில் ஊறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் அவர் மேசையின் அந்தப் பக்கம் குடமிளகாயோடு உட்கார்ந்திருக்கும்போது, இவள் இந்தப் பக்கம் ஒரு தாளை விரித்தாள். சந்தையில் பொறுக்கி வாங்கின ஒரு தக்காளியைத் துடைத்து முன்னால் வைத்தாள். குட்டைப் பென்சில்களாகப் பார்த்துத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். நாற்பது தாண்டின பிறகு முதல் தடவையாக ஒரு காயை வரையப் போகிறாள்.

நிழல் பக்கத்துக்குப் பச்சை வைத்தாள். மேலே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அழுத்தவில்லை, தாளின் சொரசொரப்பைக் கெடுக்கவில்லை. காம்பைச் சுற்றி இன்னும் பழுக்காத அந்த மங்கலான இடத்துக்கு எலுமிச்சை மஞ்சளில் ஒரு கை. மினுக்கத்தின் ஓரம் வெளிர் நீலம். நிழல் அடியில் சிவப்புக் கசிவு. நிறம் ஒவ்வொன்றும் அச்சு அசலாக வந்தது. தக்காளியைத் தாள்மேல் தூக்கி வைத்தால் எது தோல், எது தாள் என்று தெரியாது. தையல் சாமான் கடையில் நூல் எடுத்துக் கொடுத்த அதே கண்தான்.

வெள்ளைப் பென்சிலால் தேய்த்து முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

தக்காளி வட்டமாக இருந்தது. உருண்டையாக இல்லை. சட்டைப் பித்தான் மாதிரி தாளோடு தாளாக ஒட்டிக் கிடந்தது. நிழலை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள், அழுக்காயிற்று. அழித்துப் பார்த்தாள், தாள் நைந்தது. எங்கேயிருந்து இருட்டு தொடங்க வேண்டும்? எங்கே முடிய வேண்டும்? இத்தனை வருஷமும் எந்த நிறம் என்று அவள் சொன்னாள். எந்த இடத்தில் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதை எப்போதும் அவர் கைதான் செய்தது. அதை அவருடைய பாதி என்று அவள் நினைத்ததே இல்லை. தன் பாதியை அவர் மறைத்தார் என்றுதான் பொருமிக்கொண்டிருந்தாள்.

அடி விளிம்பை உற்று உற்றுப் பார்த்தாள். அந்த நூல் வெளிச்சம் இன்றைக்கும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது அவர் அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடமிளகாயை விட்டுவிட்டு எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ! அவர் ஆள்காட்டி விரல் மேசைமேல் தானாகவே ஒரு வளைவு போட்டது, வலது பக்கத்திலிருந்து கீழே இறங்கி, அடியில் ஒரு நூல் அகலத்துக்கு இடம் விட்டு. அவருக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்.

அவள் பென்சிலை எடுத்தாள். நிழல் என்று தனக்குத் தோன்றின இடத்துக்கு மேலே, தாளில் வைக்காமல், ஒரு கணம் நிறுத்தினாள்.

அவர் விரலை மடக்கிக்கொண்டு தன் தாளுக்குத் திரும்பினார். செருமவில்லை. அவர்கள் ஏற்பாட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.